பழைய சைக்கிளுக்குப் பிரேக் லிவர் மாற்ற: நாஞ்சில் வீடுகளுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளின் உரப்புரைக்குப் பின்னாலோ திண்ணை ஓரத்திலோ இன்னும் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கும். ராலே, ஹெர்குலிஸ், பிலிப்ஸ், அட்லஸ் என்று ஏதோ ஒரு பெயர் பாதி அழிந்து கிடக்கும். பாரும் ஃபோர்க்கும் இன்னும் முப்பது வருஷம் தாங்கும். கைபட்ட இடமும் காற்றுப்பட்ட இடமுமான பிரேக் லிவர்தான் முதலில் போகிறது. மற்ற பல மாவட்டங்களுக்கு ஒரு மழைக்காலம் என்றால் நமக்கு ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. மிச்ச மாதங்களுக்குக் கடலின் உப்புக்காற்று இருக்கவே இருக்கிறது. லிவர் மாற்றுவது வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய வேலை. ஆனால் லிவர் பிரேக்கின் ஒரு முனை மட்டுமே. மறுமுனையைப் பார்க்காமல் மாற்றினால் காசுதான் வீண்.

1. லிவர் நிஜமாகவே கெட்டுவிட்டதா என்று முதலில் பாருங்கள். லிவரோடு சேரும் கம்பியையோ கேபிளையோ அந்த இடத்தில் மட்டும் கழற்றிவிட்டு, லிவரைத் தனியாக அழுத்துங்கள். தடையில்லாமல் போய்த் திரும்பினால் லிவரில் குறை இல்லை. கோளாறு கீழே எங்கோ இருக்கிறது. சைக்கிள் கடையில் போய் "அண்ணாச்சி, லிவர் இறுக்கமாட்டு இருக்கு, மாத்திருவமா?" என்று கேட்டால், நல்ல மெக்கானிக் "மொதல்ல கீழ உள்ள கம்பியக் கழத்திப் பாரு மக்கா" என்றுதான் சொல்வார். லிவரை எடுத்துக் கையில் கொடுக்கிற கடையைவிட இந்தக் கடை நம்பத் தகுந்தது. லிவரைச் சுழலவிடும் ஆணி தேய்ந்து ஆடினாலோ, லிவர் பாதியில் சிக்கி நின்றாலோ, அடிவளைவில் விரிசல் தெரிந்தாலோ மாற்றத்தான் வேண்டும்.

2. உங்கள் வண்டியில் இருப்பது கம்பி பிரேக்கா, கேபிள் பிரேக்கா? இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள். நம் பக்கத்துப் பழைய கறுப்பு வண்டிகளில் பெரும்பாலும் கம்பி பிரேக்தான். இங்கிலாந்தில் ராலே போன்ற கம்பெனிகள் செய்த வண்டியின் அமைப்பு அது. 1949இல் தொடங்கி அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸும், அசன்சோலில் இருந்த சென் ராலேயும், லூதியானாவின் ஹீரோவும் அதே அமைப்பைத்தான் பின்பற்றின.

கம்பி பிரேக்கில் லிவர் ஹேண்டில்பாருக்கு அடியில், அதற்கு இணையாகவே நீண்டு கிடக்கும். விரலால் மேலே இழுத்தால் நடுவில் உள்ள கை ஒரு செங்குத்துக் கம்பியைத் தூக்கும். முன்சக்கரத்தில் அந்தக் கம்பி, லாட வடிவில் உள்ள இரும்பை நேராக மேலே இழுக்கும். அதன் இரு பக்கமும் உள்ள ரப்பர் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தில், ஸ்போக்ஸ் கம்பிகள் கிளம்புகிற பக்கத்தில், போய் அழுத்தும். பின்சக்கரத்துக்கு அதே இழுப்பு முக்கோண மூட்டுகள் வழியாக வளைந்து பெடல் பக்கம் போய்ப் பின்னால் சேரும். ஆக, லிவரில் ஏற்படும் சிறு ஆட்டம் ஒவ்வொரு மூட்டிலும் கூடிக்கொண்டே போகும். பின்பிரேக் "பிடிக்கல" என்பவர்கள் எண்ணெய் விட வேண்டிய இடம் லிவர் அல்ல, அந்த முக்கோண மூட்டுகள்.

3. கம்பி பிரேக் பழசு, கேபிள் பிரேக் நவீனம் என்று நினைத்து ஒன்றை எடுத்து மற்றதை மாட்டாதீர்கள். கம்பி பிரேக் வண்டியின் ரிம் பக்கவாட்டில் உருண்டையாக இருக்கும். கேபிள் பிரேக்கின் கட்டை அழுத்துவதற்குத் தட்டையான சுவர் அதில் கிடையாது. லிவரோடு ரிம்மையும் சேர்த்து மாற்றினால்தான் கேபிள் பிரேக் வேலை செய்யும். அப்படிச் செய்தால் வண்டியின் முகமே மாறிவிடும். என் அபிப்பிராயத்தில் கடலோர ஊருக்குக் கம்பி பிரேக்தான் நல்லது. கம்பி துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். கேபிள் உறைக்குள்ளேயே இழை இழையாக அரித்து, அவசரத்துக்குப் பிடிக்கும் அன்றைக்குத்தான் அறும். இன்னொரு வசதி, ரிம் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினாலும் கம்பி பிரேக் பொறுத்துக்கொள்ளும். ரிம் மேலும் கீழும் குதித்தால் மட்டும் பொறுக்காது. அப்போது முதலில் ஸ்போக்ஸ் கம்பிகளை இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.

4. துரு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கம் மீன் கொண்டுபோன வண்டியில் கேரியரிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பின்பிரேக் கம்பிதான் முதலில் தின்னப்பட்டிருக்கும், லிவர் தப்பித்திருக்கும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்ட வண்டி என்றால் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் பட்ட இடங்களில் நிக்கல் பூச்சு உரிந்திருக்கும். புது லிவரை மாட்டிவிட்டுக் கீழே அரித்துப்போன கம்பியை விட்டுவைத்தால், இறக்கத்தில் அழுத்தும்போது புது லிவர் அப்படியே இருக்கும், பழைய கம்பி ஒடியும்.

5. நட்டு கழலவில்லை என்று சுத்தியலைத் தேடாதீர்கள். மண்ணெண்ணெயில் கொஞ்சம் பழைய என்ஜின் ஆயில் கலந்து, ஒரு துணித்துண்டை நனைத்து நட்டின்மேல் சுற்றி இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் காலையில் முதலில் இறுக்கும் திசையில் ஒரு சிறு அசைப்பு. பிறகு கழற்றும் திசையில். துருப் பிடிப்பு விடுவது பெரும்பாலும் அந்த முதல் அசைப்பில்தான். சரியான அளவு ஸ்பானரையே பயன்படுத்துங்கள். குறட்டால் பிடித்துத் திருகி நட்டின் மூலைகளை மழுக்கிவிட்டால் அதற்குப் பிறகு அரம்தான் கதி.

6. தேங்காய் எண்ணெய் வேண்டாம். வீட்டுக்கு வீடு இருக்கிற பொருள் என்பதால் கை தானாக அங்கேதான் போகும். ஆனால் அது 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் குளிமுறியில் இருக்கும் குப்பியைப் பார்த்தாலே தெரியும். மீதி நாள்களில் தூசியைப் பிடித்துப் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

7. கழற்றுவதற்கு முன் கைபேசியில் முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் என்று படம் எடுத்துவையுங்கள். கழற்றிய ஒவ்வொரு வாசரையும் நட்டையும் வந்த வரிசையிலேயே ஒரு கட்டுக்கம்பியில் கோத்துவையுங்கள். கம்பி பிரேக்கில் எந்த வாசர் எந்தப் பக்கம் என்பது பெரிய விஷயம். ஒன்றை இடம் மாற்றிவிட்டால் லிவர் பக்கவாட்டில் ஆடும்.

8. பழைய நட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய ஆங்கிலேய சைக்கிள்களில் பல மரைகள் அங்குலத்துக்கு 26 என்ற கணக்கில் வெட்டப்பட்டவை. அந்த வழியில் வந்த நம் ஊர் வண்டிகளிலும் அதே மரையைக் காணலாம். இன்றைய மில்லிமீட்டர் நட்டு பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு சுற்று நன்றாகப் போய் மூன்றாவதில் இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் கொடுத்தால் நட்டோடு போல்டின் மரையும் போகும்.

9. கம்பி பிரேக் லிவர் வாங்கும்போது "வலதா, இடதா" என்று சொல்லி வாங்குங்கள். இரண்டும் கண்ணாடிப் பிம்பம். ஒன்றை மற்றதற்கு மாட்ட முடியாது. பழைய லிவரையே கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து நீளம் ஒப்பிடுவது உத்தமம். லிவர் சுழலும் பிடிப்புகள் ஹேண்டில்பாரோடு ஒட்டியே இருக்கும் வண்டிகளில், அந்தப் பிடிப்பின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் லிவர் மட்டும் மாற்றிப் பலனில்லை. லிவரோடு சேர்ந்த முழு ஹேண்டில் செட்டாக வாங்கிவிடுங்கள். அட்லஸ் வண்டி வைத்திருப்பவர்கள் கம்பெனி முத்திரைபோட்ட பாகத்துக்காக அலைய வேண்டாம். அதன் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தன்றே, உற்பத்தியை நிறுத்திவிட்டது. லூதியானாவில் செய்யும் பொதுப் பாகங்களை அளவு பார்த்து மாட்டிக்கொள்ளலாம்.

10. கேபிள் பிரேக் வண்டியா? லிவர் வாங்குமுன் ஒரு நூலை ஹேண்டில்பாரின்மேல் லிவர் உட்காரும் இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நூலை நீட்டி அளவுகோலில் வையுங்கள். 70 மில்லிமீட்டர் வந்தால் பாரின் தடிமன் 22.2, சாதாரண நேர் ஹேண்டில் அது. 75 வந்தால் 23.8; கீழே வளைந்த ரேஸ் ஹேண்டில். நேர் ஹேண்டிலுக்கான லிவர் ரேஸ் ஹேண்டிலில் நுழையவே நுழையாது. மறுதலையாக ரேஸ் லிவரை நேர் ஹேண்டிலில் மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். இடையில் ரப்பர் டியூப் துண்டை வைத்து ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. பிரேக் விஷயத்தில் அது வேண்டாம்; கையில் அழுத்தம் கூடும்போது ரப்பர் நசுங்கி லிவர் திரும்பிவிடும்.

11. கேபிளின் தலையைப் பாருங்கள். ரேஸ் லிவருக்கான கேபிளின் தலை பேரிக்காய் வடிவில் இருக்கும். நேர் ஹேண்டில் லிவருக்கானது சிறு உருளை. இரண்டு முனையிலும் ஒவ்வொன்றாகத் தலை வைத்த கேபிளும் கிடைக்கிறது. வேண்டாத தலையை வெட்டிவிட்டு மாட்டலாம். குழிக்குள் தலை முழுதாக உட்கார வேண்டும். அரைகுறையாகச் செருகிக்கொண்டு நிற்கிற தலை ஒருநாள் வெளியே வந்துவிடும்.

12. மலையேறும் சைக்கிள் என்று விற்கிற புது வண்டிகளின் லிவரைப் பழைய பிரேக்குக்கு வாங்காதீர்கள். அவற்றில் பல, வி-பிரேக் எனப்படும் நீண்ட கைகள் கொண்ட பிரேக்குக்காகச் செய்தவை; கேபிளை ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம் இழுக்கும். பழைய பிரேக்கில் அதை மாட்டினால் லிவர் கையில் மிக உறுதியாகத் தெரியும். 'ஆகா, நல்ல பிடிப்பு' என்று தோன்றும். ஆனால் வண்டி நிற்காது. இழுப்பு நீளம் கூடினால் அழுத்தம் குறையும், அவ்வளவுதான் கணக்கு. இந்தப் பட்டியலில் ஒரு குறிப்பை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

13. வலது கை லிவர் முன்பிரேக்கு, இடது கை பின்பிரேக்கு. மோட்டார் சைக்கிளிலும் முன்பிரேக் வலது கையில்தான் என்பதால் நம் ஊர்க்காரர் கைக்கு அதுதான் பழக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி என்றால் மாறியிருக்கலாம். மாட்டும்போதே நம் வழக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் வேறு யாரும் ஓட்டுவார்கள் என்றால் சொல்லிவிடுங்கள்.

14. கைப்பிடி ரப்பர் கழலாவிட்டால் கத்தி வைத்துக் கீறாதீர்கள். மெல்லிய திருப்புளியை அடியில் செலுத்தி, கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் கை சானிடைசரைச் சில சொட்டு விட்டுச் சுழற்றுங்கள், வழுக்கி வந்துவிடும். திரும்பப் போடவும் அதுவே. ஆல்கஹால் ஆவியாகிப் போனதும் ரப்பர் தானே இறுகிக்கொள்ளும். சோப்புத்தண்ணீர் போட்டால் வழவழப்பு நாள்கணக்கில் போகாது. எண்ணெயோ மண்ணெண்ணெயோ ரப்பரில் படவே கூடாது, உப்பிப் பிசுபிசுக்கும்.

15. ஹீரோ ஹாக் போன்ற வளைந்த ஹேண்டில் வண்டிகளில் லிவரை எந்த உயரத்தில் வைப்பது? பழைய முறை எளிது. ஹேண்டிலின் அடியில் நேராகப் போகும் பகுதிக்குக் கீழே ஓர் அளவுகோலை ஒட்டிப் பிடியுங்கள். லிவரின் நுனி அதைத் தொட வேண்டும். அங்கே பாதி இறுக்கி, வண்டியில் உட்கார்ந்து, மேலிருந்தும் கீழிருந்தும் விரல் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு முழுதாக இறுக்குங்கள். டேப் சுற்றுவது கடைசி வேலை. டேப்பைச் சுற்றிய பிறகு லிவரை நகர்த்துகிறவர் இரண்டு முறை டேப் வாங்குவார்.

பழைய வண்டிக்குப் பஞ்சு டேப்தான் அழகு. நம் ஊர் ஈரத்தில் அது சீக்கிரம் கறுத்து நாறும் என்பதும் உண்மை. அதற்கும் ஒரு வழி உண்டு. தச்சர்கள் பாலிஷுக்குப் பயன்படுத்தும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, சுற்றி முடித்த டேப்பின்மேல் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை தடவிக் காயவிடுங்கள். ஐரோப்பாவில் பழைய சைக்கிள் பிரியர்கள் செய்கிற வேலைதான் இது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது, நிறமும் தேன்போல் மாறும்.

16. பழைய ரேஸ் லிவர்கள் சிலவற்றில் மேல் ஹேண்டிலுக்கு இணையாக இரண்டாவது ஒரு லிவர் நீட்டிக்கொண்டிருக்கும். வசதிதான், ஆனால் அதன் பயணம் குறைவு. பாதி அழுத்தம் வந்ததும் ஹேண்டிலில் போய் முட்டிவிடும். புது லிவர் மாட்டும்போது இதை விட்டுவிடுவதே நல்லது.

17. கேபிள் வெட்டும்போது, வெட்டப்போகும் இடத்தில் ஒரு சொட்டு ஃபெவிகுவிக் விட்டுக் காய்ந்த பிறகு கூர்மையான கட்டிங் பிளேயரால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். இழைகள் பிரியாது. உறையை வெட்டினால் உள்ளே கம்பிச்சுருள் மடங்கி வாய் அடைத்துக்கொள்ளும். அரத்தால் தேய்த்து, ஆணி விட்டு வாயைத் திறந்துவிடுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது உறை இழுபடக் கூடாது, தொங்கவும் கூடாது.

உறைக்குள் எண்ணெய் இறக்க ஒரு வழி. சிறு பாலித்தீன் பையின் மூலையில் துளை போட்டு, உறையின் ஒரு முனையை அதில் செருகி நூலால் கட்டுங்கள். பையில் சிறிது மெஷின் எண்ணெய் விட்டு, உறை செங்குத்தாகத் தொங்கும்படி இரவு முழுக்க ஆணியில் மாட்டிவையுங்கள். அடியில் ஒரு சிரட்டை. காலையில் மறுமுனையில் எண்ணெய் சொட்டியிருக்கும். மணக்குடி, ராஜாக்கமங்கலம் போலக் கடலை ஒட்டிய ஊர்க்காரர்கள் இதை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் செய்யலாம்.

18. லிவர் மாற்றும்போதே பிரேக் கட்டையையும் பாருங்கள். ரப்பர் கல்லாக இறுகிப் பளபளத்தால் உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்கலாம்; விரிசல் இருந்தால் மாற்றுங்கள். ஒரு முனை மூடி, மறுமுனை திறந்திருக்கும் கூட்டில்தான் ரப்பர் செருகியிருக்கும். மூடிய முனை சக்கரம் சுழலும் திசையில் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் பிரேக் பிடிக்கும்போது சக்கரமே ரப்பரை உருவி வெளியே எறிந்துவிடும். கட்டைக்கும் ரிம்முக்கும் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். லிவரை முழுதாக அழுத்தினாலும் அதற்கும் கைப்பிடிக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கம்பி பிரேக்கில் முன்கம்பியின் இணைப்பு நட்டைத் தளர்த்தி நீளத்தைக் குறையுங்கள்.

19. வளைந்த லிவரை நிமிர்த்தலாமா? இரும்பு என்றால் லிவரைக் கழற்றி, மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக நிமிர்த்தலாம். அலுமினியம் என்றால் தொடாதீர்கள். நிமிரும்போதே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

20. நல்ல பழைய லிவரில் துரு மேலாக இருந்தால், அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். நிக்கல் குரோமியப் பூச்சு கீறாமல் துரு கழன்று வரும். புளி போட்டும் தேய்க்கலாம், ஆனால் ஊறவிடாமல் உடனே கழுவித் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும்.

21. மாட்டி முடித்ததும் ஏறி உட்கார்ந்து ஓட்டிவிடாதீர்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தபடியே முன்பிரேக்கை அழுத்துங்கள். முன்சக்கரம் நின்று பின்சக்கரம் தரையைவிட்டு எழும்ப வேண்டும். பின்பிரேக்கை அழுத்தினால் பின்சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும். பிறகு இரண்டு லிவரையும் பத்துப் பன்னிரண்டு முறை முழுப் பலத்தோடு அழுத்துங்கள். புதுக் கேபிள் கொஞ்சம் நீளும், இணைப்புகள் உட்காரும். திரும்ப ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும். முதல் ஓட்டம் பற்று வயல் நடுவே போகும் சமதள ரோட்டில் இருக்கட்டும். வேளிமலை குமாரகோவில் இறக்கம் அன்றைக்கு வேண்டாம். ஆடி மாதம் தோவாளையிலிருந்து ஆரல்வாய்மொழி போகும் ரோடும் வேண்டாம். மேற்குக் காற்று முதுகில் தள்ளும்போது புது பிரேக்கைச் சோதிக்க முடியாது. கேரியரில் பிள்ளைகளை ஏற்றுவது ஒரு வாரம் கழித்து.

22. பழைய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் எந்த லிவரும் உடனே பிடிக்காது. ரப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே தண்ணீர் நிற்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லிவரை லேசாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். சக்கரம் சில சுற்றுச் சுற்றுவதற்குள் தண்ணீர் வழிந்துவிடும், பிறகு அழுத்தலாம். வீடு வந்ததும் ரிம்மையும் லிவரின் ஆணியையும் உலர்ந்த துணியால் துடைத்து, ஆணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ரிம்மில் மட்டும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.